யானையை எழுப்புவது எப்படி?

இட்லி மாவில் இரண்டு கட்சி உண்டு. கடையில் பாக்கெட் வாங்குகிற கட்சி, அரிசி உளுந்தை ஊறப்போட்டு வீட்டிலேயே அரைக்கிற கட்சி. கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் போடுவதிலும் அப்படித்தான். ரெடிமேடாகக் கட்டி வைத்ததை ஒரே கட்டளையில் இறக்கலாம். அல்லது மூல நிரலை வரவழைத்து நாமே அரைக்கலாம். நான் அரைக்கிற கட்சி. கம்ப்யூட்டரில் மட்டும்!

எங்கள் குடியிருப்பில் ரத்த தானம் செய்பவர்கள் 200 பேருக்கு மேல். பெயர், ரத்தப் பிரிவு, போன் நம்பர் எல்லாம் ரிடையர்ட் ஹெட்மாஸ்டர் ஒருவரின் லாங் சைஸ் நோட்டில், அச்சடித்த மாதிரி கையெழுத்தில் இருந்தன. ஒருமுறை கொடுத்தால் ஆண்கள் 3 மாதம், பெண்கள் 4 மாதம் இடைவெளி விட வேண்டும். "இந்தக் கணக்கையெல்லாம் நோட்டு போடுமா சார்? கம்ப்யூட்டர் போடும்" என்று சங்கக் கூட்டத்தில் வாயைக் கொடுத்துவிட்டேன். ஹெட்மாஸ்டர் மறுக்கவில்லை. நோட்டைக் காட்டினாரே ஒழிய, கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நான் தேர்ந்தெடுத்தது போஸ்ட்கிரஸ். 1986-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் ஆரம்பித்தது. அவரே முன்பு செய்த இங்க்ரெஸுக்குப் பின் வந்ததால் 'போஸ்ட்' இங்க்ரெஸ். 1996-ல் போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்று பெயர் நீண்டது. காலணா செலவில்லை. சின்னம், யானை.

சங்க ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ். மூல நிரலைப் பிரித்து 'கன்ஃபிகர்' என்றேன். அடுப்பங்கரையில் என்னென்ன இருக்கிறது என்று சமையல்காரர் எட்டிப் பார்க்கிற கட்டம் இது. உடனே நின்றுவிட்டது. ரீட்லைன் இல்லையாம். கட்டளைகளை அம்புக்குறியால் மேலும் கீழும் புரட்ட உதவுகிற சமாசாரம். அதைப் போட்டேன். அடுத்தது 'மேக்'. திரையில் எழுத்துக்கள் அருவியாகக் கொட்டின. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே பெரிய வேலை செய்கிற மாதிரி ஒரு தோரணை வரும். பிறகு 'மேக் இன்ஸ்டால்'.

தகவல்களுக்கு இடம் ஒதுக்க 'இனிட்டிபி' கொடுத்தேன். மறுத்துவிட்டது. நான் 'ரூட்', அதாவது சர்வ அதிகாரம் படைத்தவன். அந்த அதிகாரத்தோடு வந்தால் யானை ஏறவிடாது! யாராவது உள்ளே புகுந்தால் மொத்த கம்ப்யூட்டரும் போய்விடுமே என்கிற ஜாக்கிரதை. போஸ்ட்கிரஸ் என்றொரு எளிய ஆசாமியை உண்டாக்கி, அவன் பெயரில் ஓட்டினேன். 5432-ம் எண் வாசலில் யானை வந்து நின்றது.

"ஏங்க, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

முடியவில்லை என்று மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது.

ராத்திரி கரண்ட் போய், விடியற்காலை வந்திருக்கிறது. 5 மணிக்கு சங்கச் செயலாளர் போன். "சார், ஆஸ்பத்திரியில பிரசவ கேஸ். ஓ நெகட்டிவ் உடனே வேணுமாம். கம்ப்யூட்டர் ஓடுது, ஆனா லிஸ்ட் வரமாட்டேங்குது!"

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணியோசை வந்துவிட்டது, டெலிபோனில். யானையைத்தான் காணோம்.

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். விஷயம் சின்னது. கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது, கூடவே யானையையும் எழுப்பு என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. ரெடிமேட் மாவு வாங்கியிருந்தால் அநேகமாக அதுவே சொல்லியிருக்கும். அரைத்தவன் நானே சொல்லியிருக்க வேண்டும். கை நடுங்க, கட்டளையைத் தட்டினேன். கரண்ட் போன நேரத்துக் குறிப்பேட்டைப் பார்த்து, விட்டதைச் சரிசெய்துகொண்டு யானை எழுந்தது. ஒரு பெயர்கூடத் தொலையவில்லை. ஓ நெகட்டிவ், இரண்டே பேர்.

முதல் நம்பரைச் சுழற்றினேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவர் அப்பவே கிளம்பிட்டாரே! ஹெட்மாஸ்டர் போன் பண்ணினாரு. ஸ்கூட்டர்ல போயிட்டாரு."

லாங் சைஸ் நோட்டுக்குக் கரண்ட் வேண்டாம்.

அன்றைக்கே உட்கார்ந்தேன். லினக்ஸில் எதை எப்போது எழுப்புவது என்று பார்த்துக்கொள்ளும் பாகன் சிஸ்டம்டி. அவனுக்கு ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும்: யார் பெயரில் ஓட்டுவது, தகவல் எங்கே, எப்படி நிறுத்துவது. பத்துப் பதினைந்து வரிதான். 'எழுந்ததும் எனக்குக் குரல் கொடு' என்று சீட்டில் எழுதினேன். யானை எழுந்தும் குரல் கொடுக்கவில்லை. 90 விநாடி பார்த்துவிட்டு, பாகன் அதைப் படுக்கவைத்துவிட்டான். குரல் கொடுக்கிற வித்தையை 'கன்ஃபிகர்' கட்டத்திலேயே சேர்த்திருக்க வேண்டுமாம். மறுபடி முதலிலிருந்து அரைத்தேன்.

இன்னொரு பாடம். 'ஸ்டார்ட்' வேறு, 'எனேபிள்' வேறு. முன்னது இன்றைக்கு மட்டும் எழுப்பும். பின்னது தினமும் எழுப்பும். வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு நாம் செய்துகொண்டிருப்பது முன்னது!

ஹெட்மாஸ்டர் முன்னாலேயே கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுக் காட்டினேன். லிஸ்ட் தானாக வந்தது.

"பேஷ்! இனிமே யாரும் எழுப்ப வேண்டாம், இல்லையா?"

"வேண்டாம் சார்."

"தாயும் குழந்தையும் சௌக்கியமாம். பெண் குழந்தை" என்றபடி பேனா மூடியைத் திருகித் திறந்தார். குழந்தையின் அப்பா புதிதாகப் பெயர் கொடுத்திருக்கிறாராம், பி பாசிட்டிவ்.

நோட்டில் எழுதி முடித்துவிட்டு, என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்களும் ஏத்திக்குங்க தம்பி. ரெண்டு இடத்துல இருக்கட்டும்."