நாய்க்குட்டிக்கு எலும்பு

ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டு முடிய, கோப்பையில் கிடந்த எலும்பையெல்லாம் வளவு நாய்க்கு எறிவோம். அதே பழக்கத்தில் லண்டனிலும் பிள்ளைகளின் நாய்க்குட்டிக்குக் கறி எலும்பைப் போட்டுவிட்டு, இரவிரவாக அது சத்தி எடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவித்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். கறியிலுள்ள வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. ஆகவே கறிச்சட்டி எலும்பு வேண்டவே வேண்டாம்.

பச்சை எலும்பு அப்படி உடைவது குறைவு. என்றாலும் பல மிருக வைத்தியர்கள் அதையும் விரும்புவதில்லை. கொடுப்பதென்றால், கறிக்கு வெட்டுவதுபோல் துண்டு போடாமல், குட்டியின் வாயைவிடப் பெரிய கழுத்தெலும்பாக இறைச்சிக்கடையில் கேளுங்கள். வைரமான கால் எலும்பு பல்லை உடைத்துவிடும். நான்கு முதல் ஏழு மாதம் வரை பாற்பல் விழுந்து முளைக்கும் காலம் வேறு. அருகிலேயே நில்லுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பச்சை இறைச்சியில் சல்மனெல்லாக் கிருமி இருக்கலாம். கம்பளத்தில் அல்ல, குசினித் தரையில் கொடுத்து, தரையையும் கையையும் நன்றாகக் கழுவுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு எலும்பே வேண்டாம் என்பதுதான் எங்கள் எண்ணம்.

குட்டி சாப்பிடாமல், சத்தி எடுத்து, மலம் போக முக்கினால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. 1917 இல் மரியா டிக்கின் அம்மையார் வைற்சப்பலில் ஏழைகளின் மிருகங்களுக்காகத் தொடங்கிய பி.டி.எஸ்.ஏ., சில அரச உதவிப்பணங்கள் பெறுவோருக்கு இன்றும் இலவசமாகவோ குறைந்த செலவிலோ வைத்தியம் செய்கிறது. உங்கள் பகுதிக்கு அது கிடைக்குமா என்று, குட்டி சுகமாக இருக்கும்போதே தொலைபேசியில் கேட்டு வையுங்கள்.