திருடலாமா? பட்டினி கிடக்கலாமா?

ஊரைச் சுற்றிப் பகைவர் படை. பகலில் தலை காட்டினால் குண்டு பாயும். இடிந்த வீடு ஒன்றில் மூன்று நான்கு பேர் ஒண்டிக் கிடக்கிறார்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லை. அடுப்பு எரிந்து இரண்டு நாள் ஆகிறது.

சற்றுத் தூரத்தில் ஒரு வீடு. அங்கே ஒரு கிழவர். நோயாளியான அவருடைய மனைவி. அவர்களிடம் சாப்பாடு இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. எதிர்த்து நிற்கத்தான் சக்தி இல்லை.

எடுக்கலாமா? கூடாதா?

இப்படிக் கேட்பது ஒரு வீடியோ ஆட்டம்! அதன் பெயர், "திஸ் வார் ஆஃப் மைன்". போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில் உள்ள "11 பிட் ஸ்டூடியோஸ்" என்ற கம்பெனி இதை 2014-ல் வெளியிட்டது.

மனச்சாட்சி தரும் தண்டனை

யுத்த ஆட்டம் என்றால், சுட்டவனுக்கு வெற்றி என்பதே வழக்கம். இந்த ஆட்டம் வேறு மாதிரி. யுத்தத்தில் சிக்கிய சாதாரண ஜனங்களைப் பிழைக்க வைக்க வேண்டும். பகலில் வீட்டைச் செப்பனிட வேண்டும். இரவில் ஒருவரை வெளியே அனுப்பி உணவு தேட வேண்டும்.

போஸ்னியாவில் சரயேவோ நகரம் 1992 முதல் 1996 வரை முற்றுகையில் தவித்தது. அந்த மக்கள் பட்ட பாடுதான் இந்த ஆட்டத்துக்கு வித்து.

கிழவரிடம் திருடினால் போலீஸ் வராது. அன்றைக்கு வயிறு நிறையும். ஆனால் திருடியவர் மனம் உடைந்து போவார். கூட இருப்பவர்களும் வருந்துவார்கள். துக்கம் முற்றினால் வேலை ஓடாது. திருடாவிட்டாலோ பசி கொல்லும்!

கொடுத்த வாக்கு

எல்லா ஆட்டங்களும் இப்படி நேர்மையாக நடப்பதில்லை. "கதை உங்கள் கையில்" என்பார்கள். கடைசியில் எந்த வழியில் போனாலும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள்.

2012-ல் அமெரிக்காவில் வெளிவந்த "தி வாக்கிங் டெட்" ஆட்டத்தில், இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்று ஒரு கட்டம் வரும். யாரைக் காப்பாற்றினாலும், பின்னால் அவரும் இறந்து போகிறார்.

"அப்படியானால் எதற்கு இந்தத் தவிப்பு?" என்று ஆடியவர்கள் கேட்டால், அது நியாயமே. கதை மாறும் என்று வாக்குக் கொடுத்தால், காப்பாற்ற வேண்டும். ஆனாலும், அந்த ஒரு நிமிஷம் யாரைக் கைவிடுவது என்று கலங்கினார்களே, அது வீண் அல்ல. சாவு யாரையும் விடாது. அதற்காக, ஆபத்தில் இருப்பவனுக்குக் கை கொடுக்காமல் இருக்கிறோமா?

பெற்றோர் கவனத்துக்கு

2020-ல் போலந்து சர்க்கார், "திஸ் வார் ஆஃப் மைன்" ஆட்டத்தை மாணவர்களுக்குச் சிபாரிசு செய்யும் நூல்களின் வரிசையில் சேர்ப்பதாக அறிவித்தது. ஆனால் இது பெரியவர்களுக்கான ஆட்டம். சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

வயது வந்த பிள்ளைகள் ஆடினால், "எத்தனை மணி நேரம் ஆடுவாய்?" என்று அதட்டுவதோடு பெற்றோர் நின்றுவிடக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும். "கிழவர் வீட்டில் என்ன செய்தாய்? ஏன் செய்தாய்?" என்று கேட்க வேண்டும்.

திரையில் செய்த தவறுக்கு மறு ஆட்டம் உண்டு. வாழ்க்கையில் அது இல்லை. ஆகவே, பேச வேண்டியதை இப்போதே பேசிவிடுவது நல்லது.