உன் தாத்தா எந்த ஊரு?

இந்திய விசா படிவத்தை எடுத்துப் பாருங்கள் தோழர்களே. அப்பன், ஆத்தாளின் பழைய நாட்டைக் கேட்டதோடு நிற்கவில்லை. தாத்தா, பாட்டி பாகிஸ்தான் நாட்டவரா என்றும் கேட்கிறது. லண்டனில் பிறந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பேத்திக்கும் இதே கேள்விதான். 'ஆமாம்' என்றால் 2014-இல் தொடங்கிய இ-விசா கிடையாது. தூதரக வழியாக மனுப் போட்டுக் காத்துக் கெடக்கணும். கூடப் படித்த வெள்ளைக்காரிக்குச் சில நாளில் வந்துடும். ஓசிஐ அட்டைக்கோ, கொள்ளுத்தாத்தா பாகிஸ்தான், வங்கதேசக் குடிமகனாக இருந்திருந்தாலே சட்டம் கதவைச் சாத்துகிறது.

பாதுகாப்பாம்! ஆளை விசாரி, யார் வேணாங்கறது? செத்துப்போன கிழவனை ஏன் தோண்டுகிறாய்? 'நீ யாரு வூட்டுப் புள்ள?' என்று கேட்டுக் கேட்டே டீக்கடையில் தம்ளரைப் பிரித்த புத்திதான் இது, எனக்குச் சந்தேகமே இல்லை.

பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர் ஜோகேந்திரநாத் மண்டல் ஒரு தலித். (நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?) 1950-இல் பதவியை உதறி இந்தியா வந்தார். வர வழியில்லாமல் அங்கேயே தங்கிய சேரி சனங்களின் பேரப்பிள்ளைகள் இன்று லண்டனிலிருந்து மனுப் போட்டாலும், முஸ்லிம் பேரப்பிள்ளைகளோடு ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அந்த வரிசையோடுதான் நாமும் நிற்க வேண்டும். தாத்தா பாட்டி கேள்வியைப் படிவத்திலிருந்து அடி என்று டெல்லிக்கு எழுதுங்கள்.