பலாச்சுளைக் கணக்கு

ஒரு பலாப்பழத்தை அறுக்காமலே அதனுள் எத்தனை சுளைகள் உள்ளன என்று கூற இயலுமோ? இயலும் என்கிறது கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணக்கு நூல். காரிநாயனார் இயற்றிய அந்நூல், காம்பைச் சூழ்ந்துள்ள சிறுமுட்களை எண்ணி, அத்தொகையை 6 ஆல் பெருக்கி, 5 ஆல் வகுக்குமாறு பணிக்கிறது. முட்கள் 100 ஆயின் சுளைகள் 120 ஆகும்.

இதனை மாணாக்கர்க்குக் கற்பிக்க இரண்டு வழிகள் உண்டு. விதியைக் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்வித்து, பத்துக் கணக்குகளைக் கொடுத்தல் ஒன்று. அரை மணி நேரத்தில் பாடம் முடிந்துவிடும். பழத்தையே மேசைமேல் வைத்து, "உள்ளே எத்தனை சுளை? அறுக்காமற் கூறுங்கள்" என்று வினவிவிட்டு ஆசிரியர் வாளா இருத்தல் மற்றொன்று.

இரண்டாம் வழியில் வகுப்பு எவ்வாறு இயங்கும்? பழத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பான் ஒருவன். நூல்கொண்டு அதன் சுற்றளவை அளப்பாள் ஒருத்தி. கணக்கதிகாரத்தின் விதியை ஆசிரியர் எடுத்துரைத்த பின்னரும் வழக்கு ஓயாது. காம்பருகே உள்ள முட்கள் எனின், முதல் வரிசை மட்டுமா, அடுத்த வரிசையும் சேருமா? இருவர் எண்ணினால் இரு தொகை வரும். பழத்தை அறுத்து எண்ணினால் அவ்விரண்டுக்கும் ஒவ்வாத மூன்றாம் தொகை வரவும் கூடும். (பழம் மணக்கும் அந்நாளில் கடைசி வரிசை மாணவனும் உறங்கமாட்டான் என்பது வேறு செய்தி.)

தொகை ஏன் ஒவ்வவில்லை என்னும் ஐயம் மாணாக்கரைக் கணக்கிலிருந்து தாவர நூலுக்கு இட்டுச் செல்லும். பலாப்பழம் ஒரு பூவிலிருந்து தோன்றிய கனி அன்று. பல பூக்கள் இணைந்து உருவான கூட்டுக்கனி. தோலின்மேல் உள்ள ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் அடையாளமாகும். கருவுற்ற பூ சுளையாகிறது. கருவுறாத பூ சக்கையாய் நின்றுவிடுகிறது. இதனை முன்னரே நூலில் படித்தவன் மறந்துவிடலாம்; கணக்குப் பிழைத்தமையால் தேடிக் கண்டவன் எளிதில் மறவான்.

சிக்கலை முன்னும் பாடத்தைப் பின்னும் வைக்கும் இம்முறையைச் சிக்கல்வழிக் கற்றல் என்பர். கனடா நாட்டின் ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம், 1969 ஆம் ஆண்டு தன் மருத்துவப் பள்ளியை 20 மாணவருடன் தொடங்கியபோது இதனைக் கையாண்டது. நோயாளி ஒருவரின் துன்பத்தை முதலில் எடுத்துரைத்து, அதனை ஆராய்வதற்கு வேண்டிய உடற்கூற்று அறிவையும் மருந்தறிவையும் மாணவர் சிறு குழுக்களாக அமர்ந்து தாமே தேடுமாறு செய்தனர். பின்னர் இம்முறை பல நாடுகளுக்கும், பிற கல்வித் துறைகளுக்கும் பரவிற்று.

இதனைக் காரணமாகக் காட்டி வாய்பாட்டைப் பழித்தல் இக்காலத்தில் ஒரு நாகரிகமாகிவிட்டது. அது பொருந்தாது. ஆறாம் வாய்பாடு அறியாதவன் பலாப்பழத்தின் முன் அமர்ந்து யாது செய்வான்? திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உருவேற்றியவர் நெல்லளவையும் நில அளவையும் மனத்தாலே கணித்தனர். கருவி இல்லாத கைக்குச் சிக்கலைக் கொடுத்தல் கொடுமையே ஆகும். எல்லாப் பாடத்திற்கும் இம்முறை ஏலாது என்பதும் உண்மை. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் நால்வர் சிந்திக்க, ஏனையோர் அவர் விடையைப் பார்த்து எழுதும் இடரும் உண்டு.

எனினும் பெருந்தடை ஆசிரியரிடத்தே உள்ளது. அறிந்த விடையை நாவில் வைத்துக்கொண்டு பேசாதிருத்தல் எளிதன்று. பேசிப் பழகிய தமிழாசிரியர்க்கோ மிகவும் அரிது. மாணவன் தவறான வழியிற் செல்வதைக் கண்டும், அவனே திரும்பி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்த தடை தேர்வு. "காம்பைச் சுற்றிய முட்கள் 100 எனின் சுளைகள் எத்தனை?" என்று வினாத்தாள் கேட்கும். பலாப்பழத்தின் உட்புறத்தைக் கண்டறியாதவனும் 120 என்றெழுதி முழு மதிப்பெண் பெறுவான். பழத்தை அறுத்து, 97 சுளைகளையே கண்டு, அவ்வாறே எழுதிய மாணவனுக்கு என்ன மதிப்பெண் இடுவது என்று விடைத்தாள் திருத்துவோர்க்கு எவரும் கூறி வைக்கவில்லை.