பவனிப் பாடல் ஒன்று



இம்மாதம் ஒரு பழைய மாதா பாடலைப் பற்றிச் சொல்ல விழைகிறோம். அதற்குப் பண் அமைத்தவர் யாரென்று எவரும் அறியார். மொழி தமிழுமன்று, இலத்தீனுமன்று. தென் அமெரிக்காவில் இன்கா மன்னர் காலத்தில் வழங்கி, இன்றும் பெரு நாட்டு மலைமக்கள் பேசும் கெச்சுவா. 'ஹனக்பச்சாப் குசிகுயினின்' என்பது பாடலின் பெயர். 'விண்ணுலகின் மகிழ்ச்சி' என்று பொருள்.

கூஸ்கோ நகருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஆண்டவாய்லியாஸ் என்னும் மலையூர் உள்ளது. அவ்வூர்க் கோயிலில் திருமுழுக்கு அறையின் வாயிலைச் சுற்றி, 'தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே' எனும் வாய்பாடு ஐந்து மொழிகளில் தீட்டப்பட்டுள்ளது. அங்கே பங்குக் குருவாயிருந்த ஹுவான் பெரெஸ் பொகனெக்ரா, மக்களின் மொழியிலேயே அருட்சாதனங்களை நிறைவேற்றக் குருக்களுக்கு உதவும் கைந்நூல் ஒன்றை எழுதினார். அது 1631இல் லீமாவில் அச்சேறிற்று. நம் கோவளத்துக் கார்மேல் அன்னை ஆலயம் எழுந்த 1808ஆம் ஆண்டுக்கு 177 ஆண்டுகள் முன்பு! அந்நூலின் இறுதியில்தான் இப்பாடல் இருக்கிறது: இருபது சரணங்கள், நான்கு குரல்களுக்குரிய இசைக்குறிகள், மாதா திருநாட்களில் பவனியாகக் கோயிலுக்குள் நுழைகையில் பாடுக என்ற குறிப்பு. அமெரிக்கக் கண்டங்களில் அச்சான முதல் பல்குரல் இசை இதுவே என்பர். குருவானவரே பண் அமைத்தாரென்று சிலரும், அவரிடம் பயின்ற மலைவாழ் பாடகர் ஒருவரென்று சிலரும் கருதுகின்றனர்.

இங்கிலாந்தின் 'எக்ஸ் கதீட்ரா' பாடகர் குழு, ஜெஃப்ரி ஸ்கிட்மோரின் தலைமையில் பாடிய பதிவு 2003இல் வெளியாயிற்று. வேறு பதிவுகளும் பல உண்டு. நான்கு குரல்களும் பெரும்பாலும் ஒன்றாகவே அடியெடுத்து வைப்பதால், சுரூபம் சுமந்து நடப்போரின் நடை பாட்டிலேயே கேட்கிறது. சிலர் முரசும் குழலும் சேர்ப்பர். அச்சுப் பிரதியில் குரல்கள் மட்டுமே. வெறுங்குரலில் கேட்பதே நமக்கு இனிது.

அச்சுத் தொழிலில் நாம் அவர்களுக்குப் பிந்தியவர்களல்லர். லீமாவின் முதல் நூல் வெளிவந்தது 1584இல். நம் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானதோ 1578இல். ஆனால் நம் பழைய பாடற் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். பாட்டுக்கு மேலே இராகமும் தாளமும் இருக்கும். அல்லது இன்ன பாட்டின் மெட்டு என்றிருக்கும். அந்த மூலப் பாட்டை மறந்துவிட்டால் மெட்டை எங்கே தேடுவது? பெரு நாட்டுப் பாடகர் பெயரை இழந்தார், பண் பிழைத்தது. நமக்குச் சொற்கள் நிற்கின்றன, பண் போய்க்கொண்டிருக்கிறது.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை உள்ள நம் கடற்கரைப் பங்குகளில், தேருக்கு முன் நடந்து பாடிய பாட்டிமார் இன்னும் இருக்கின்றனர். வரும் திருநாளுக்குக் கொடியேறுமுன் இளைஞர் அவர்களிடம் சென்று, எல்லாச் சரணங்களையும் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவார்களாக. பாடியவர் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் ஒரு படி வைக்க வேண்டும். இசைக்குறி அறிந்த ஆர்கன் வாசிப்பவர் இருப்பின், அவரையும் உடன் அழைத்துச் செல்க.