மரத்துல இருந்து விழுந்தவரை அள்ளித் தூக்காதீங்க

தேங்காய் வெட்டு நடக்குற தோப்புல "ஐயோ"ன்னு ஒரு சத்தம் கேட்டா, அடுத்த ரெண்டு நிமிஷத்துல என்ன நடக்கும்னு எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். நாலு பேரு ஓடுவாங்க. ஒருத்தர் கக்கத்துல கையக் கொடுப்பாரு, ஒருத்தர் காலைப் பிடிப்பாரு. தூக்கி உட்கார வச்சு, மூஞ்சியில தண்ணி அடிச்சு, "எந்திரிச்சு நில்லுப்பா, ஒண்ணும் ஆகல"ன்னு சொல்லுவாங்க. நிக்க முடியலேன்னா டூவீலர்ல நடுவுல உட்கார வச்சு, பின்னாடி ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, வரப்பு மேல தடதடன்னு மெயின் ரோட்டுக்குக் கொண்டு போவாங்க. அத்தனையும் பாசம்தான். ஆனா அந்தப் பாசத்துலதான் சில பேருக்குக் கால் போகுது.

மதுரையைச் சுத்தி சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்னு எங்கிட்டுப் போனாலும் தென்னந்தோப்பு உண்டு. தோப்பு இருந்தா மரமேறி உண்டு. மழை பெஞ்ச மறுநாள் மரம் வழுக்கும். பாளை காஞ்சு கையோட வந்துரும். இது போக, சுத்துச்சுவர் இல்லாத கிணறு, ராத்திரியில டூவீலர், பொங்கலுக்கு மாடு. தண்டுவடம் அடிபடறதுக்கு எங்க ஊர்ல வழிக்குப் பஞ்சமே இல்ல.

முதுகெலும்பு உடையறது வேற, தண்டுவடம் அடிபடறது வேற. இதை எங்க ஊர் ஆளுகளுக்குப் போர்க்குழாயை வச்சுத்தான் சொல்லுவேன். மேல ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கு, அது மூளை. கீழ தண்ணிக்குள்ள மோட்டார் இருக்கு, அது காலு. நடுவுல இறங்குற கேபிள்தான் தண்டுவடம். அதைச் சுத்தி இருக்குற குழாய் முதுகெலும்பு. குழாய் உடைஞ்சும் கேபிள் தப்பிக்கலாம். அப்படித் தப்பிச்ச ஆளை, கழுத்து தொங்க, இடுப்பு மடங்கத் தூக்கினா, உடைஞ்ச எலும்பே கேபிளை நசுக்கிரும். விழுந்தப்ப கால் விரலை அசைச்ச ஆளு, ஆஸ்பத்திரியில இறக்கும்போது அசைக்க முடியாமப் போறது இப்படித்தான்.

இன்னொண்ணும் இருக்கு. விழுந்த நொடியிலேயே எல்லாச் சேதமும் முடிஞ்சு போறதில்ல. அடுத்த சில மணி நேரம், சில நாள் வரைக்கும் உள்ள வீக்கம் ஏறும், ரத்த ஓட்டம் குறையும், பொழைச்சிருந்த நரம்பும் சாகும். அதனாலதான் டாக்டருங்க ரத்த அழுத்தம் இறங்காமப் பாத்துக்கறாங்க, சீக்கிரமா ஆபரேஷன் பண்ணி அழுத்தத்தை எடுக்கப் பாக்குறாங்க.

அப்ப என்னதான் செய்யணும்? ஆளை அசைக்காதீங்க. ஒருத்தர் தலைமாட்டுல மண்டி போட்டு ரெண்டு கையாலயும் தலையை நேரா பிடிச்சுக்கணும். "திரும்பாதய்யா, அப்படியே கிட"ன்னு பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். 108ஐக் கூப்பிட்டு, விழுந்து முதுகுல அடி, கால் மரத்துப் போச்சுன்னு சொல்லணும். பலகையும் கழுத்துப் பட்டையும் எடுத்துட்டு வருவாங்க. மூச்சு நின்னுருச்சு, கிணத்துத் தண்ணிக்குள்ள கிடக்காருன்னா வேற வழியில்ல, எடுத்துத்தான் ஆகணும். அப்பவும் தலை, தோள், இடுப்பு மூணும் ஒரே கட்டையா உருளணும்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஸ்கேன், ராடு, ஸ்க்ரூ. இங்கதான் குடும்பத்துக்கு ஒரு பெரிய நம்பிக்கை வந்துரும். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது"ன்னு டாக்டர் சொன்னா, இனி நடந்துருவாருன்னு நெனச்சுக்குவாங்க. ராடும் ஸ்க்ரூவும் குழாயைச் சரி பண்ணும். அறுந்த கேபிளை ஒட்ட வைக்கிற வைத்தியம் இன்னைக்கு வரைக்கும் உலகத்துலயே இல்ல. கேபிள்ல ஒண்ணு ரெண்டு இழை பாக்கி இருந்தா, கீழ கொஞ்சமாச்சும் உணர்ச்சி இருந்தா, முதல் சில மாசத்துல முன்னேற்றம் வர வாய்ப்பு நல்லாவே உண்டு. சுத்தமா ஒண்ணுமே இல்லேன்னா வாய்ப்பு ரொம்பக் குறைவு. இதை வாயத் திறந்து சொல்ற டாக்டரைத் திட்டாதீங்க. அவர்தான் உங்க நிலத்தைக் காப்பாத்துறாரு.

ஏன்னா எங்க ஊர்ல எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி "நடப்பாரா?"ங்கிறதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னாடி போன குடும்பம் எண்ணெய்க்கட்டு, லேகியம், கோயில், கடைசியில ஸ்டெம் செல் ஊசின்னு போய் நிக்கும். எங்க ஊர் மரமேறி அண்ணன் ஒருத்தருக்கு இப்படித்தான் அறுபது சென்ட் போச்சு. தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சி நிலையிலதான் இருக்கு, முறையா அனுமதி வாங்கின ஆய்வுக்கு வெளியே போடக் கூடாதுன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட 2017 நெறிமுறை சொல்லுது. அதெல்லாம் நிலம் விக்கிறவங்க காதுக்கு யாரு கொண்டு போய்ச் சேக்குறது?

அந்த அண்ணன்கிட்ட ஒரு தடவை பேசிக்கிட்டு இருந்தப்ப சொன்னாரு: "தம்பி, காலு வராட்டிப் போகுது. மூத்திரம் எப்ப வருதுன்னு தெரியாமக் கெடக்கேன் பாரு, அதான்யா." நான் படிச்ச எந்த மருத்துவக் கட்டுரையையும் விட எனக்கு விஷயத்தைப் புரிய வச்சது அந்த ஒரு பேச்சு.

கால் வேலை செய்யாததால யாரும் சாகறதில்ல. படுக்கைப் புண்ணு சீழ் வச்சும், மூத்திரம் தேங்கிக் கிட்னி கெட்டும்தான் சாகுறாங்க. 3,500 வருஷத்துக்கும் முந்தின ஒரு எகிப்திய வைத்திய ஏடு இந்தக் காயத்தை வைத்தியம் பாக்கக் கூடாத நோய்னு ஒதுக்கி வச்சிருக்கு. முதல் உலகப் போர் வரைக்கும் நிலைமை பெருசா மாறல. மாத்துனவர் ஜெர்மனியில இருந்து தப்பிச்சு இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன்ங்கிற டாக்டர். 1944ல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில அவர் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கல. ராத்திரி பகல் பாக்காம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பிப் படுக்க வச்சாரு. மூத்திரப் பையைச் சுத்தமா காலி பண்ண வச்சாரு. எந்திரிச்சு உட்காரு, பந்து எறி, வேலை கத்துக்கன்னு விரட்டினாரு. சாகக் கிடந்தவங்க பொழைச்சாங்க. 1948ல அவர் நடத்தின விளையாட்டுப் போட்டிதான் பின்னாடி பாராலிம்பிக்ஸா வளந்துச்சு.

நம்ம பக்கத்துலயும் ஆளு இருந்தாங்க. வேலூர் சி.எம்.சி.யில டாக்டரா இருந்த மேரி வர்கீஸ் 1954ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இழந்தவங்க. சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் பண்ணினாங்க. அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து வேலூர்ல அதுக்குன்னே துறையை உருவாக்கினாங்க. 1966ல அங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்கிற மையமும் வந்துச்சு. இன்னொருத்தர் எஸ்.ராமகிருஷ்ணன். கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டு இருந்தவர். 1975ல பெங்களூர்ல கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்துல விழுந்து, கழுத்துக்குக் கீழ செயலிழந்துருச்சு. 1981ல தென்காசி பக்கம் ஆய்க்குடியில சின்னப் பள்ளிக்கூடமா ஆரம்பிச்சதுதான் அமர் சேவா சங்கம். தனக்கு வைத்தியம் பாத்த விமானப்படை டாக்டர் அமர்ஜித் சிங் சாகல் பேரைத்தான் அதுக்கு வச்சாரு. இன்னைக்குத் தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு அங்க தனி மறுவாழ்வு மையமே இருக்கு. 2020ல அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

எங்க ஊர்ல இருந்து ஆய்க்குடி சுமார் 150 கிலோமீட்டர், வேலூர் அதை விட ரொம்பத் தூரம். அங்கிட்டுப் போகணும்னு எங்க ஆளுகளுக்கு யாரும் சொல்றதில்ல. தையல் பிரிச்சு, டியூப் மாட்டி, "வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க"ன்னு டிஸ்சார்ஜ் பண்ணிருவாங்க. எப்படிப் பாக்கணும்னு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாலே போதும். சம்சாரம் கத்துக்கும். ரெண்டு மணிக்கு ஒருக்கா திருப்பணும். இடுப்பெலும்பு, குதிகால் எங்கயாச்சும் செவந்திருக்கான்னு தினமும் பாக்கணும். நிரந்தரமா டியூப் மாட்டாம, நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா சுத்தமா விட்டு எடுத்துரலாம், கை நல்லா இருந்தா அவரே செஞ்சுக்கலாம். அந்த அண்ணனுக்கு இது தெரிய வந்தது விழுந்து மூணு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள பிட்டத்துல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலேன்னு சொல்ல மாட்டேன். 108 வந்துக்கிட்டுத்தான் இருக்கு. தண்டுவடம் பாதிச்சவங்களுக்கு மாசம் 2000 ரூபாய் உதவித்தொகை இருக்கு. 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச 'நம்மைக் காக்கும் 48' திட்டத்துல விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை. நல்ல திட்டம். ஆனா அது சாலை விபத்துக்கு. தோப்புல விழுந்தவர் தண்டுவடத்துக்கும் அதே 48 மணி நேரம்தானே முக்கியம்? அலங்காநல்லூர் வாடிவாசல்ல ஆம்புலன்ஸும் டாக்டரும் தயாரா நிக்கிறாங்க, நிக்கணும், வேணாம்னு சொல்லல. அது வருஷத்துல ஒரு நாள். தென்னை மரம் வருஷம் பூராவும் ஏறணும்.

என்னைக் கேட்டா, மாவட்டத்துக்கு ஒரு தண்டுவட மறுவாழ்வு வார்டு வேணும். இருபது கட்டில் போதும். புது மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி, திருப்பிப் படுக்க வைக்கவும் மூத்திரம் எடுக்கவும் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுக்க ரெண்டு நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் போடுங்க. நூறு நாள் வேலை நடக்குற இடத்துல அரை மணி நேரம், விழுந்தவரை எப்படித் தூக்கணும்னு செஞ்சு காட்டுங்க.

சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்துக்கிட்டு இங்க தோப்பு வச்சிருக்கிற அண்ணாச்சிமாருக்கும் ஒண்ணு சொல்லணும். மரமேறிகளுக்குன்னே தென்னை வளர்ச்சி வாரியத்துல 'கேர சுரக்ஷா'ன்னு விபத்துக் காப்பீடு இருக்கு. அடுத்த வெட்டுக்கு ஆள் சொல்லும்போது, காய் எத்தனை, விலை என்னன்னு கேக்குறதுக்கு முன்னாடி, ஏறுறவர் பேர்ல அது போட்டிருக்கான்னு கேளுங்க. போடலேன்னா நீங்களே போட்டு விடுங்க. மழை பெஞ்ச மறுநாள் வெட்டு வேணாம்னு தோப்பைப் பாத்துக்கறவர்கிட்ட சொல்லி வைங்க. ரெண்டு நாள் தள்ளிப் போனா தேங்காய் ஒண்ணும் கெட்டுப் போகாது.