எண்ணெய் பூசி மறைக்க முடியுமா?

மடுல்சீமைத் தோட்டங்களில் மழை தொடங்கினால் டெங்கு பற்றிய அறிவுரைகளும் தொடங்கிவிடுகின்றன. "சிட்ரனெல்லா எண்ணெய் பூசுங்கள், நுளம்பு அண்டாது" என்பது அவற்றுள் மிக மலிவானது.

அவ்வெண்ணெயை நாம் பழிக்கவில்லை. மாத்தறையிலும் அம்பாந்தோட்டையிலும் வடிக்கப்பட்டு உலகச் சந்தையில் இலங்கையின் பெயரைத் தாங்கி நின்ற பொருள் அது. அதன் மணம் நுளம்பின் மோப்பத்தைக் குழப்புகிறது என்பதும் மெய்யே. ஆனால் காற்றோடு போகும் மணத்துக்கு ஆயுள் எவ்வளவு? 2002இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வில், 23.8 சதவீதம் 'டீட்' இரசாயனம் கலந்த பூச்சு சராசரியாக ஐந்து மணி நேரம் காத்தது. சோயா எண்ணெய்ப் பூச்சு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் காத்தது. சிட்ரனெல்லாப் பூச்சுகளோ 20 நிமிடத்தைத் தாண்டவில்லை!

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. வியர்வையிலும் மழையிலும் நனைந்து கொழுந்து பறிக்கும் பெண், 20 நிமிடத்துக்கு ஒருமுறை கூடையை இறக்கி எண்ணெய் தடவுவாளா? தடவி நிறை குறைந்தால் அவளுக்கு விழுவது அரைப்பேர் அல்லவா?

எண்ணெய் நுளம்பை விலக்கும், ஒழிக்காது. அது முட்டையிடும் நீரை அகற்றினாலன்றிப் பெருக்கம் நில்லாது. அந்நீர் லயத்தின் அடைபட்ட கூரைப்பீலியிலும், குழாய்நீர் ஒழுங்காக வராததால் நிரப்பிவைத்த மூடியற்ற பீப்பாயிலும் தேங்குகிறது.

அதனை அகற்றும் கடமையை 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இடத்தின் உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்மீது சுமத்துகிறது. லயத்துக்கு உரிமையாளர் யார்? 1970களில் அரசுடைமையான பெருந்தோட்டங்களின் நிருவாகம் 1992 முதல் கம்பெனிகளின் கையில். தொழிலாளி காணியுறுதி கேட்டால் "நீ உரிமையாளன் அல்லன்" என்பர். நுளம்பு பெருகினால் மட்டும் "நீயே குடியிருப்பவன்" என்பதா? உரிமை இல்லாதவன் தலையில் கடமையை மட்டும் ஏற்றுவது எந்த நீதி?

அரசால் இயலாது என்றும் சொல்ல முடியாது. 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் மலேரியா தொற்றவில்லை; 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. அவ்வெற்றி எண்ணெய் பூசிப் பெற்றதா? வீடுவீடாக மருந்து தெளித்து, இரத்தம் சோதித்து, சிகிச்சை அளித்துப் பெற்றதன்றோ! அதே அரசு, 186,000 பேருக்குமேல் டெங்கு கண்ட 2017க்குப் பின்னும் லயத்து மக்களிடம் எண்ணெய்ப் போத்தலை நீட்டலாமா?

எண்ணெய் வேண்டுவோர் பூசிக்கொள்ளட்டும். நாம் கேட்பது துப்புரவான கூரைப்பீலி, மூடியுள்ள தொட்டி, முறையான குழாய்நீர், உறுதியுடன் கூடிய வீடு. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்!